கூடம் கோணலா, ஆட்டம் கோணலா?

(இந்த வாரம் முழுக்கக் கூடைப்பந்து. "தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்குப் புது கோச் வந்தால் என்ன ஆகும்?" என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். "பழைய கோச்சுக்கு ஓய்வு கிடைக்கும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்காக வந்த திட்டுக் கடிதங்களில் தேறியவை கீழே.)

கே: கிண்டல் போதும். சின்னப் பையன்கள் நிறைந்த தோல்வி அணியை ஒரு புது கோச் உண்மையிலேயே தூக்கி நிறுத்தியது உண்டா? (திண்டுக்கல்)

ப: உண்டு. அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ். 2023-24 சீசனில் 82 ஆட்டம் ஆடி 14 வெற்றி, 68 தோல்வி. அடுத்த சீசனுக்கு ஜே.பி. பிக்கர்ஸ்டாஃப் வந்தார். 44 வெற்றி, 38 தோல்வி. 82 ஆட்டம் கொண்ட சீசன்களில், முந்தைய வருட வெற்றியை மூன்று மடங்காக்கிய முதல் என்.பி.ஏ. அணி இதுதான். நம் ஊரில் ஒரு பையன் 14 மார்க்கிலிருந்து 44க்கு வந்தால், முதலில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் யார் என்றுதான் விசாரிப்பார்கள்.

கே: பிஸ்டன் என்றால் எஞ்சினுக்குள் இருப்பதுதானே? (ஹோசூர்)

ப: அதேதான். கார் நகரம் என்பதால் வைத்த பெயர் என்று நினைத்திருந்தால் நீங்களும் என்னைப் போலத்தான். இந்த அணி பிறந்தது இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேய்னில். முதலாளி ஃப்ரெட் ஸால்னர் பிஸ்டன் தொழிற்சாலை வைத்திருந்தார். 1957இல் அணியை டெட்ராய்ட்டுக்குக் கொண்டுபோனார். பெயருக்கேற்ற ஊர் தானாக அமைந்தது. ஜாதகம் பார்த்துக் கட்டி வைத்தாலும் இப்படிப் பொருந்தாது.

கே: 28 ஆட்டம் தொடர்ந்து தோற்றார்களாமே, நிஜமா? (திருச்சி)

ப: நிஜம். வேடிக்கை என்னவென்றால், 2023 அக்டோபரில் ஆடிய முதல் மூன்று ஆட்டத்தில் இரண்டு வெற்றி. ஊரே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிறகு நவம்பர் முழுக்க ஒரு வெற்றிகூட இல்லை. கிறிஸ்துமஸும் போயிற்று. 27வது தோல்வி சொந்த அரங்கில், புரூக்ளினிடம். அதில் கேட் கன்னிங்ஹாம் என்ற பையன் மட்டும் 41 புள்ளி போட்டான். 41 புள்ளி போட்டவன் தலை குனிந்து வெளியே போகிறான், "அணியை வித்துடு!" என்று முதலாளிக்கு எதிராகக் கூட்டம் கத்துகிறது. 28வது தோல்வி பாஸ்டனில். பாதி ஆட்டம்வரை முன்னிலையில் இருந்து, கூடுதல் நேரத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தோற்றார்கள். டிசம்பர் 30ஆம் தேதி டொரான்டோவை 129-127 என்று இரண்டே புள்ளியில் வென்றபோது கோப்பை வாங்கியது போலக் குதித்தார்கள். ஒரே சீசனில் இத்தனை தொடர் தோல்வி அதற்கு முன் எந்த அணியும் கண்டதில்லை.

கே: அப்போதிருந்த கோச் ஒன்றும் தெரியாதவரா? (விருதுநகர்)

ப: இங்கேதான் கதை ருசிக்கிறது. மான்டி வில்லியம்ஸ் சாதாரண ஆளில்லை. 2021இல் ஃபீனிக்ஸ் அணியை இறுதிப்போட்டிவரை அழைத்துப் போனவர். மறுவருடம் 64 வெற்றி. ஆண்டின் சிறந்த கோச் விருதும் அவருக்கே. டெட்ராய்ட் அவரை ஆறு வருடத்துக்கு 7.85 கோடி டாலர் பேசி அழைத்து வந்தது. அன்றைய தேதிக்கு என்.பி.ஏ.வில் எந்தக் கோச்சுக்கும் அவ்வளவு பெரிய ஒப்பந்தம் கிடையாது. ஒரே வருடம். 2024 ஜூனில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தேறிய கோச், தேறாத வருடம். எப்படி? ஃபீனிக்ஸில் அவருக்கு கிறிஸ் பால் மாதிரி, ஆட்டத்தைக் கரைத்துக் குடித்த ஆள் மைதானத்துக்குள்ளேயே இருந்தார். டெட்ராய்ட்டில் இருந்தவர்கள் பச்சைப் பிள்ளைகள். முந்தைய சீசனில் நன்றாக ஆடிய ஜேடன் ஐவியை ஆரம்பத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார். யார் யாரோடு ஆடுவது என்பது அடிக்கடி மாறியது. அதைவிட முக்கியம், கன்னிங்ஹாம் பந்தோடு கூடையை நோக்கிப் புகுந்தால், வெளியே நின்று தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர்கள் போதவில்லை. எதிரணிக்கு இது வசதி. தன் ஆளை விட்டுவிட்டு நாலு பேரும் வந்து வழியில் நின்றுகொள்வார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டெட்ராய்ட்டில் ஆடத் தெரிந்தவனுக்கே கூடம் கோணலாக இருந்தது.

கே: நிறையத் தோற்றால் நல்ல புதுமுக வீரர் கிடைப்பார் என்கிறார்களே. அப்படியானால் தோற்பது லாபம்தானே? (கரூர்)

ப: கரூரிலிருந்து லாபக் கணக்கு வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் இதில் ஒரு குலுக்கல் இருக்கிறது. டெட்ராய்ட் தோற்ற வருடங்களின் விதிப்படி, கடைசி மூன்று இடத்தில் முடிக்கும் அணிகளுக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு தலா 14 சதவீதம்தான். கடைசி அணி அதிகபட்சம் ஐந்தாவது இடம்வரை சறுக்கலாம். டெட்ராய்ட் 2023இலும் கடைசி, 2024இலும் கடைசி. குலுக்கலில் கிடைத்தது? இரண்டு தடவையும் ஐந்தாவது இடம்! 2023இல் ஏழடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் பிரெஞ்சுக்காரர் விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போய்விட்டார். தோற்பதற்கும் ஒரு அதிர்ஷ்டம் வேண்டும் என்று டெட்ராய்ட்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள், அடிக்க வருவார்கள்.

கே: இந்த பிக்கர்ஸ்டாஃப் எந்தக் கடையிலிருந்து கிடைத்தார்? (புதுச்சேரி)

ப: பக்கத்து ஊர்க் கடையில் தள்ளுபடியில். கிளீவ்லேண்ட் அணியின் கோச்சாக இருந்தார். அங்கேயும் 22 வெற்றி பெற்ற இளம் அணியை மறுவருடம் 44க்குக் கொண்டுவந்தவர். அப்புறம் 51, அதற்கப்புறம் 48. அந்த 48 வெற்றிக்குப் பிறகு, ப்ளே-ஆஃபில் இரண்டாம் சுற்றுவரை போய் வந்த கையோடு, 2024 மே மாதம் வேலையை விட்டு நீக்கினார்கள். ஜூலையில் டெட்ராய்ட் எடுத்துக்கொண்டது. உங்கள் ஊரில் ஏறின பஸ்ஸிலிருந்து இறக்கிவிடப்பட்டவர் அடுத்த பஸ்ஸில் டிரைவராக வந்து உட்கார்ந்த கதை.

கே: அவர் அப்பாவும் கோச்சாமே. வாரிசு அரசியல் அங்கேயும் உண்டா? (மன்னார்குடி)

ப: அப்பா பெர்னி பிக்கர்ஸ்டாஃப் சியாட்டில், டென்வர் என்று பல அணிகளுக்குக் கோச். 2004இல் சார்லட்டில் புதிதாக ஆரம்பித்த அணிக்கு அவர் போனபோது, 25 வயது மகனை உதவிக் கோச்சாகச் சேர்த்துக்கொண்டார். வாரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் வாரிசாக வந்து மகன் கண்ட சொத்தைப் பாருங்கள்: முதல் வருடம் 18 வெற்றி, 64 தோல்வி. தோல்வியை வீட்டுச் சாப்பாடு மாதிரி தினம் பார்த்து வளர்ந்தவர். டெட்ராய்ட் அவரைப் பயமுறுத்தாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கே: சுற்றி வளைக்காதீர்கள். வந்து என்னதான் செய்தார்? (சேலம்)

ப: முதலில், தோற்றார். முதல் நாலு ஆட்டமும் தோல்வி. "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்று ஊர் தலையில் கை வைத்தது. ஐந்தாவது ஆட்டத்தில்தான் பிலடெல்பியாவை வென்றார்கள். அந்த நாலு தோல்விக்குள் ஆட்களை மாற்றிக் குழப்பாமல் இருந்ததே பாதி வேலை என்பேன்.

மீதிப் பாதி, வேலைப் பங்கீடு. பந்து யாரிடம் இருக்க வேண்டும்? கன்னிங்ஹாமிடம். இதில் சந்தேகமே இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஜேலன் ட்யூரன் என்ன செய்ய வேண்டும்? கூடைக்கு அடியில் நில், திரும்பி வரும் பந்தைப் பிடி, மேலே தூக்கிப் போட்டால் எகிறி உள்ளே திணி. ஆஸர் தாம்ப்ஸனுக்குத் தூரத்திலிருந்து போட வராது. முந்தைய வருடம் இரத்தக் கட்டியால் சீசன் பாதியிலேயே நின்றவன் வேறு. அவனிடம் போய் "போடு, போடு" என்று உயிரை எடுக்கவில்லை. எதிரணியின் சிறந்த ஆளைப் போய்ப் பிடித்துக்கொள், பந்து கையில் சிக்கினால் ஓடு. அவ்வளவுதான் அவன் வேலை. அதை அவனைவிட நன்றாகச் செய்கிறவர்கள் லீக்கிலேயே கொஞ்சம் பேர். ஐசேயா ஸ்டீவர்ட்டின் வேலை முட்டி மோதித் தடுப்பது, அது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அடுத்தது டிஃபென்ஸ். இளம் அணிக்கு முதலில் புள்ளி போடக் கற்றுக்கொடுக்க எல்லாருக்கும் ஆசை. பார்க்க அழகு, பத்திரிகையில் படம் வரும். பிக்கர்ஸ்டாஃப் கிளீவ்லேண்டிலேயே தடுப்பாட்டத்தில்தான் வீடு கட்டியவர். அங்கே ஒரு சமயம் ஏறக்குறைய ஏழடி உயரமுள்ள மூன்று பேரை ஒரே நேரத்தில் இறக்கினார். கூடைக்கு முன்னால் தென்னந்தோப்பே நின்றது. டெட்ராய்ட்டிலும் அதே பாடம்: ஷூட் உள்ளே போவதும் போகாததும் அன்றைய கைராசி, காலை நகர்த்தி மறிப்பது தினமும் முடியும். 30 அணிகளில் அடி வரிசையில் கிடந்த தடுப்பாட்டம் ஒரே சீசனில் மேல் பாதிக்கு வந்தது.

கூடம் கோணலை நிமிர்த்த மாலிக் பீஸ்லி, டிம் ஹார்டவே ஜூனியர், டோபியாஸ் ஹாரிஸ் என்று வயதும் அனுபவமும் உள்ளவர்கள் வந்தார்கள். பீஸ்லிக்கு ஒரு வருட ஒப்பந்தம், 60 லட்சம் டாலர். என்.பி.ஏ. கணக்கில் அது பஸ் செலவு. அவர் அந்த சீசனில் 319 மூன்று புள்ளி ஷூட் உள்ளே போட்டார்! அணியின் சாதனை. லீக்கில் அவரைவிட அதிகம் போட்டவர் ஒரே ஒருவர், அதுவும் ஒன்றே ஒன்று கூடுதலாக. இப்போது கன்னிங்ஹாம் உள்ளே புகுந்தால் எதிரணிக்குத் தர்மசங்கடம். உதவிக்குப் போனால் பீஸ்லி போடுவார். போகாவிட்டால் கன்னிங்ஹாம் போடுவான். அவனுக்கு அந்த வருடம் ஆட்டத்துக்குச் சராசரி 26 புள்ளி, 9 அசிஸ்ட். ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்கும் தேர்வானான். 41 போட்டுத் தலை குனிந்த அதே பையன்தான்.

கே: அப்படிப் பார்த்தால் பெருமை ஆள் பிடித்தவருக்குத்தானே போக வேண்டும்? கோச்சுக்கு ஏன்? (சிவகாசி)

ப: பாதி போகட்டும். ட்ரஜன் லாங்டன் 2024 கோடையில் நிர்வாகத் தலைவராக வந்தார். பழைய கோச்சை அனுப்பியது, புதியவரைப் பிடித்தது, அந்த மூன்று பெரியவர்களையும் சேர்த்தது, ஷூட்டிங் சொல்லிக்கொடுக்கப் பெயர் போன ஃப்ரெட் வின்ஸனை உதவிக் கோச்சாக்கியது எல்லாம் அவர் வந்த பிறகு நடந்தவை. மளிகை சரியில்லாமல் சமையல்காரரைத் திட்டுவது அநியாயம். அதே போல மளிகை நன்றாக வந்தது என்பதற்காகச் சமையல்காரரை மறந்துவிடுவதும். அணியின் நடுத்தண்டு அதே பழைய பிள்ளைகள்தான்: கன்னிங்ஹாம், ஐவி, ட்யூரன், ஸ்டீவர்ட், தாம்ப்ஸன். ஐவிக்கு 2025 புத்தாண்டு அன்று கால் எலும்பு முறிந்தது. அந்த இடத்திலும் வண்டி குடைசாயவில்லையே, அது மளிகைக்கடைக்காரர் வேலை இல்லை.

கே: இவர் சாந்தமானவரா, கோபக்காரரா? (தென்காசி)

ப: 2025 மார்ச் 30, மினியாபொலிஸ். கைகலப்பு. ஐந்து வீரர்கள், இரண்டு பயிற்சியாளர்கள் என்று ஏழு பேரை வெளியேற்றினார் நடுவர். அந்த இரண்டில் ஒருவர் நம்ம ஆள். சண்டையை விலக்கப் போன மாமா சட்டை கிழிந்து வந்த மாதிரி. டெட்ராய்ட்காரர்களுக்கு இது கொஞ்சமும் வருத்தமில்லை. 1989, 1990 என்று அடுத்தடுத்துக் கோப்பை வாங்கிய அவர்களுடைய பழைய அணிக்குப் பெயரே "போக்கிரிப் பையன்கள்" என்ற அர்த்தத்தில்தான். தாத்தா ஞாபகம் வந்திருக்கும்.

கே: நான் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர். என்னிடம் டோபியாஸ் ஹாரிஸும் இல்லை, 60 லட்சமும் இல்லை. பன்னிரண்டு பையன்கள், மூன்று பந்து, சிமென்ட் தரை. மூன்று வருடமாக முதல் சுற்றிலேயே வெளியே. உங்கள் டெட்ராய்ட் புராணத்தில் எனக்கு ஏதாவது உண்டா? (பழனி)

ப: மாஸ்டர், உங்களுக்குத்தான் நிறைய இருக்கிறது. தடுப்பாட்டத்துக்குப் பந்தே வேண்டாம். மூன்று பந்து வைத்திருக்கிற உங்களுக்கு அதைவிட வசதியான பாடம் எது? பக்கவாட்டில் கால் நகர்த்துவது, ஷூட் கிளம்பியதும் எதிராளிக்கு முதுகைக் கொடுத்து அவனைப் பந்துக்குப் போகவிடாமல் அடைப்பது, பந்தை இழந்தாலும் திரும்பி ஓடி வருவது. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

பிறகு, ஒவ்வொரு பையனிடமும் "உன் வேலை என்ன?" என்று தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் "நல்லா ஆடணும் சார்" என்பார்கள். அது வேலை இல்லை, வேண்டுதல். அவர்களால் செய்ய முடிகிற இரண்டே காரியத்தை ஆளுக்கு ஆள் சொல்லிவிடுங்கள். ஒரு விண்ணப்பம்: உயரமான பையன் என்றால் உடனே கூடைக்கு அடியில் நட்டுவைத்துவிடாதீர்கள். எட்டாம் வகுப்பில் உயரமாக இருந்தவன் பன்னிரண்டாம் வகுப்பில் நடு உயரம் ஆகிவிடுவான். பந்து தட்டவும் தெரியாது, உயரமும் இருக்காது. அப்படி நின்றுபோன ஒருவன்தான் இந்தப் பக்கத்தை எழுதிக்கொண்டிருக்கிறான்.

ஹாரிஸ் இல்லை என்கிறீர்கள். உங்களிடம் படித்து, இப்போது ஊரில் கடை வைத்திருக்கிற பழைய மாணவன் ஒருவனாவது இருப்பான். மாலையில் அவனையும் அவன் நண்பர்களையும் வரச்சொல்லி, பையன்களோடு கலந்து ஆட விடுங்கள். திட்டாமல் ஆடச் சொல்லுங்கள். ஆடும்போதே "இடது பக்கம் வாடா" என்று காதில் விழும் குரலுக்கு, ஓரத்தில் நின்று நீங்கள் ஊதும் விசிலைவிட மதிப்பு அதிகம். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?

கே: ஒரே வருடத்தில் நடக்காவிட்டால் கோச்சை மாற்றிவிடலாமா? (ஈரோடு)

ப: ஓக்லஹோமா சிட்டி தண்டர் அப்படி நினைத்திருந்தால்? மார்க் டேக்நால்ட் 2020இல் 35 வயதில் கோச் ஆனார். வருட வாரியாக வெற்றி: 22, 24, 40, 57, 68. இரண்டாம் வருடம் மெம்பிஸிடம் 152-79 என்று தோற்றார்கள். 73 புள்ளி வித்தியாசம், என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகப்பெரிய அடி. நம் ஊர் என்றால் அன்று ராத்திரியே கோச்சின் பெட்டி பஸ் ஸ்டாண்டில் இருந்திருக்கும். அவர்கள் தொடவில்லை. அதே கோச் 2025 ஜூனில் கோப்பையைத் தூக்கினார். டெட்ராய்ட்டின் வேகம் பெரிதா, ஓக்லஹோமாவின் பொறுமை பெரிதா என்று கேட்டால் நான் பொறுமைக்குத்தான் ஓட்டுப் போடுவேன். வேகத்தைப் பார்த்து எல்லாரும் ஒரே வருடக் கெடு வைக்க ஆரம்பித்துவிடுவார்களே என்ற பயம்.

கே: அந்த 44 வெற்றி ப்ளே-ஆஃபில் என்ன ஆயிற்று? (நாகர்கோவில்)

ப: முதல் சுற்றில் நியூயார்க் நிக்ஸிடம் 4-2 என்று தோற்றார்கள். ஆனால் இரண்டாவது ஆட்டத்தில், நியூயார்க்கிலேயே, 100-94 என்று ஜெயித்தார்கள். 2008க்குப் பிறகு ப்ளே-ஆஃபில் முதல் வெற்றி. நடுவில் 15 தொடர் தோல்வி. தொடர் தோல்வியில் இந்த ஊர் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. நாலாவது ஆட்டம்தான் வயிற்றெரிச்சல். ஒரு புள்ளி பின்தங்கி இருக்கிறார்கள், கடைசி நொடியில் ஹார்டவே ஷூட் போடுகிறார், எதிராளி மேலே வந்து மோதுகிறார், விசில் இல்லை. 94-93. ஆட்டம் முடிந்ததும் "ஃபவுல் கொடுத்திருக்க வேண்டும்" என்று தலைமை நடுவரே ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டதற்கு ஃப்ரீ த்ரோ கிடையாதாம்.

கே: ஆண்டின் சிறந்த கோச் விருது நிச்சயம் இவருக்குத்தானே? (தஞ்சாவூர்)

ப: இரண்டாம் இடம். முதலிடம் கென்னி அட்கின்ஸன். எந்த அணி? கிளீவ்லேண்ட். பிக்கர்ஸ்டாஃபை நீக்கிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார வைத்தார்களே, அவரேதான். 64 வெற்றி. நாற்காலியும் போய், விருதும் அந்த நாற்காலிக்கே போனது. நாவலில் எழுதினால் ஆசிரியர் "நம்பும்படி இல்லை" என்று வெட்டிவிடுவார்.

கே: கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவரே உலகின் சிறந்த கோச்சாக இருந்திருப்பாரோ? (காரைக்குடி)

ப: ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891. பிறகு கன்சாஸ் பல்கலைக்கழக அணிக்குக் கோச்சாக இருந்தார். 55 வெற்றி, 60 தோல்வி. அந்தப் பல்கலைக்கழகத்தின் கோச்சுகளிலேயே வெற்றியைவிடத் தோல்வி அதிகம் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

கே: டெட்ராய்ட் அதற்கப்புறம்? பழைய குருடி கதவைத் திறடியா? (நெல்லை)

ப: இல்லை அண்ணாச்சி. அடுத்த சீசனில், 2025 அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர்வரை 13 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தார்கள். அணியின் வரலாற்றில் அதிகபட்சத் தொடர் வெற்றியும் அதே 13தான், சமன் செய்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வெற்றிகூட இல்லாமல் போனதும் இதே நவம்பர்தான். பதினாலாவது ஆட்டத்தில் மூன்றே புள்ளியில் தோல்வி. யாரிடம் என்று கேளுங்கள். 28வது தோல்வியைக் கொடுத்த அதே பாஸ்டனிடம், அதே பாஸ்டனில்.